உங்கள் குக்கிராமம் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுத உட்காருபவர்கள், கிராம சபையில் சாலை கேட்டு மனு கொடுப்பவர்கள், பள்ளியில் 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்லப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருமே கடைசியில் இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கிறார்கள். பதில்கள் தமிழ்நாட்டுக் குக்கிராமங்களை வைத்து எழுதப்பட்டவை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லையே, ஏன்?

உங்கள் ஊரில் ஆள் எடுக்காமல் விட்டுவிடவில்லை. வீடு வீடாக வந்து எடுத்திருப்பார்கள். ஆனால் எடுத்த கணக்கை வெளியிடும்போது வருவாய் கிராமம் என்ற அலகில்தான் வெளியிடுகிறார்கள். ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் இருந்தால் அத்தனை பேரும் ஒரே வரிக்குள் கூட்டப்பட்டுவிடுவார்கள். அந்த வரியில் தாய்க்கிராமத்தின், அதாவது முதன்மை ஊரின், பெயர் மட்டுமே இருக்கும்.

இதனால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. உதாரணத்துக்கு, ஒரு வருவாய் கிராமத்தின் மக்கள்தொகை 2,140 என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கிராமத்தில் 900 பேர், மீதிப் பேர் நான்கு குக்கிராமங்களில். இணையத்தில் எடுத்துப் போடுகிறவர் "இவ்வூரின் மக்கள்தொகை 2,140" என்று எழுதிவிடுவார். அடுத்தவர் அதே எண்ணை நான்கு குக்கிராமங்களில் ஒன்றுக்கும் ஒட்டிவிடுவார். ஊர்களைப் பற்றி இணையத்தில் கிடக்கும் மக்கள்தொகை எண்களை நம்புவதற்கு முன், அது எந்த அலகின் எண் என்று பாருங்கள். அது சொல்லப்படவில்லை என்றால் அந்த எண்ணைத் தொடாமல் விடுவதே நல்லது.

வருவாய் கிராமம், ஊராட்சி, குக்கிராமம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூன்றையும் மூன்று வேலைக்காகப் போட்டிருக்கிறார்கள்.

வருவாய் கிராமம் நிலத்துக்கானது. சர்வே எண், பட்டா, கிஸ்தி எல்லாம் அதன் கீழ் வரும். கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேலே குறுவட்டம் (பிர்க்கா என்றால்தான் பலருக்குப் புரியும்), அதற்கு மேல் வட்டம் என்று அந்த ஏணி போகும். கிராம ஊராட்சி ஆட்சிக்கானது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைவது, தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உள்ளது, ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வருவது. குக்கிராமம் என்பது மனிதர்கள் சேர்ந்து குடியிருக்கும் இடம், அவ்வளவுதான். ஊரக வளர்ச்சித் துறை அதைக் 'குடியிருப்பு' என்று எழுதும். பழைய பத்திரங்களில் 'மஜரா' என்றும், பேச்சில் 'உட்கடைக் கிராமம்' என்றும் பார்க்கலாம்.

இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்து கிடக்கலாம். ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமங்களும் இருக்கலாம். பட்டாவில் ஒரு கிராமப் பெயர், வீட்டு வரி ரசீதில் இன்னொரு ஊராட்சி, கடிதத்தில் மூன்றாவதாக ஓர் அஞ்சலகம் என்று இருந்தால் பதற வேண்டாம். மூன்றும் சரியாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் மொத்தம் எத்தனை குக்கிராமங்கள்?

ஏறத்தாழ 79 ஆயிரம். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கணக்கில் கிராம ஊராட்சிகள் 12,525. ஆக ஓர் ஊராட்சிக்குச் சராசரி ஆறு குடியிருப்புகள். 2011 கணக்கெடுப்பில் ஊரகத் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 3.72 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு குடியிருப்புக்கு 470 பேர் வருகிறது. உங்கள் ஊரில் நூற்றைம்பது பேர் என்றாலும் அறுநூறு பேர் என்றாலும் அது ஒன்றும் விதிவிலக்கல்ல.

அப்படியானால் எங்கள் குக்கிராமத்துக்கு மட்டும் எண் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே இடத்தில் கிடைக்காது. நாலு இடத்தில் கேட்டு ஒப்பிட வேண்டும்.

முதலில் அங்கன்வாடி. சொன்னால் சிலர் சிரிப்பார்கள், ஆனால் ஒரு சிற்றூரின் உண்மையான ஆள் கணக்கு அங்கன்வாடிப் பணியாளரான அம்மாவின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டில்தான் இருக்கிறது. வீட்டு எண், குடும்பத் தலைவர், பிள்ளைகளின் வயது, கர்ப்பிணிகள், யார் எந்த மாதம் வெளியூர் போனார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியரிடமும் இதேபோல ஒரு பதிவேடு உண்டு. இவை தனிநபர் விவரங்கள் அடங்கியவை என்பதால் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். மொத்த எண்ணை மட்டும் கேளுங்கள்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அந்தப் பாகத்தில் அடங்கும் பிரிவுகள், அதாவது தெருக்களும் குக்கிராமங்களும், தனித்தனியே பட்டியலிடப்பட்டிருக்கும். யாரும் பார்க்கக்கூடிய ஆவணங்களில் குக்கிராமம் பெயர் சொல்லி ஆள் எண்ண வழி தருவது அநேகமாக இது ஒன்றுதான். குறை என்னவென்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இதில் இருக்க மாட்டார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் நிரந்தரமாகக் குடியேறியவர்களில் சிலர் இன்னும் இருக்கலாம்.

மூன்றாவது ஊராட்சிச் செயலர். வீட்டு வரிப் பதிவேடு, குடிநீர் இணைப்புகளின் எண்ணிக்கை எல்லாம் குடியிருப்பு வாரியாக அவரிடம் இருக்கும். வீடுகளின் எண்ணிக்கை தெரிந்தால் ஒரு சரிபார்ப்பு செய்யலாம். 2011-ல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரி நான்கு பேருக்குச் சற்றுக் குறைவு. நூறு குடும்பம் உள்ள ஊரில் 700 பேர் என்று யாராவது சொன்னால் எங்கேயோ இடிக்கிறது என்று புரிந்துவிடும்.

ரேஷன் கடைக் கணக்கைப் பலர் சொல்வார்கள். ஒரே கடை பல குக்கிராமங்களுக்கும் பொதுவாக இருப்பதால் அதைப் பிரித்து எடுப்பது சிரமம்.

கிடைத்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எந்த ஆண்டில், எந்தப் பதிவேட்டிலிருந்து என்று சேர்த்து எழுதுங்கள். "அங்கன்வாடிக் கணக்குப்படி 412 பேர்" என்று எழுதிய ஒருவரை யாரும் குறை சொல்ல முடியாது.

2011 கணக்கு ரொம்பப் பழசாயிற்றே?

பழசுதான். 2021-ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16-ல் அறிவிக்கை வந்தது. குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் நிலவரப்படி கணக்கு என்பது, 2027 மார்ச் 1. இந்த முறை எல்லாச் சாதிகளும் பதிவாகும். வீட்டுக்காரரே இணையத்தில் விவரத்தை நிரப்பவும் வழி உண்டு.

அதுவரை, 2011 எண்ணை ஆண்டு வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி இன்றைய எண்ணைக் கணிக்கும் வேலை வேண்டாம். ஒரு மாநிலத்துக்கு அது செல்லும். நூறு பேர் உள்ள ஊரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாலே 5 சதவீதம் போச்சு. ஆண்-பெண் விகிதத்துக்கும் இதே கதிதான். 48 ஆண்களும் 55 பெண்களும் உள்ள ஊரில் ஆயிரம் ஆண்களுக்கு 1,146 பெண்கள் என்று வரும். அதை மாநில அளவான 996-உடன் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினால் அந்தப் பத்தியில் சரக்கு இருக்காது.

வேலைக்கு வெளியூர் போயிருப்பவர்கள் எங்கே கணக்கில் வருவார்கள்?

2011-ல் ஆள் எடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளில் ஒருநாளாவது வழக்கமான வீட்டில் இருந்தவரை அந்த வீட்டில் சேர்த்தார்கள். முழுக் காலமும் வெளியே இருந்தவரை ஊரில் சேர்க்கவில்லை. அவர் எங்கே தங்கியிருந்தாரோ அங்கே எடுத்தார்கள்.

இது நகரத்துக்குச் சாதாரண விதி. வானம் பார்த்த பூமிக்கு அப்படியல்ல. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்பி, கோடை முடிந்து திரும்பும் ஊர்கள் பல உண்டு. அந்த ஊர்களின் பிப்ரவரிக் கணக்கில் பூட்டிய வீடுகள் கூடும், தலைகள் குறையும். சாலைக்கும் பள்ளிக்கும் தகுதி பார்க்கும்போது அந்தக் குறைந்த எண்தான் மேசைக்கு வரும். உங்கள் ஊர் அப்படிப்பட்டது என்றால் கட்டுரையில் அதைக் கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள்.

ஐம்பது பேர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

எண்ணுக்குப் பணம் இருக்கிறது. 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதி போன்ற இடங்களில் 250 பேர் இருந்தால் அந்தக் குடியிருப்பு இணைப்புச் சாலைக்குத் தகுதி பெறும். 480 பேர் என்றால்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சமவெளியில் 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம். பக்கத்துக் களத்துமேட்டில் உள்ள பத்து வீடுகளைச் சேர்த்தால் எண் தேறிவிடும். இது தெரியாமல் "எங்களுக்கு ஆள் பத்தாது" என்று மனுவே கொடுக்காத ஊர்கள் இருக்கின்றன.

அங்கன்வாடிக்கு 400 முதல் 800 பேர், குறு அங்கன்வாடிக்கு 150 முதல் 400 பேர் என்பது அளவுகோல். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000, மலையில் 3,000.

நிதி ஒதுக்கீட்டிலும் ஒரு பழைய பாடம் உண்டு. 2006-07-ல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய். இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே தொகை! இருபது உள்ள இடத்தில் தாய்க்கிராமத்துக்குத் தெரு விளக்கு வந்தது, கடைக்கோடிக்கு வந்து சேரவில்லை. 2011-12-ல் கொண்டுவரப்பட்ட 'தாய்' திட்டம் ஊராட்சியை விட்டுவிட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்தது இதற்காகத்தான்.

ஊரின் இருப்பிடத்தை எப்படிக் குறிப்பது?

கைப்பேசி வரைபடத்தில் ஊர்ப் பெயர் மேல் உள்ள புள்ளியை அப்படியே எடுக்காதீர்கள். பல நேரம் அது வருவாய் கிராமத்தின் நடுவில், ஏதோ ஒரு கடலைக் காட்டில் போய் உட்கார்ந்திருக்கும். கோயில் வாசலிலோ பள்ளி வாசலிலோ நின்று அட்சரேகை, தீர்க்கரேகையைப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்பது சுமார் 110 மீட்டர் துல்லியம், நான்கு இலக்கம் 11 மீட்டர். குக்கிராமத்துக்கு மூன்றே போதும். எட்டு இலக்கம் எழுதுவது வாசற்படியில் உள்ள கோலப்புள்ளியைக் குறிக்கும் வேலை.

நல்ல வரைபடம் வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களைப் பாருங்கள். இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். 200 மீட்டர் அகலமுள்ள உங்கள் ஊர் அதில் நான்கு மில்லிமீட்டர்தான், ஒரு துவரம்பருப்பு அளவுக்கு இருக்கும். ஆனால் அந்த நான்கு மில்லிமீட்டரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது அற்புதமாகத் தெரியும். கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, பழுப்புக் கோடுகளில் மேடு பள்ளம் எல்லாம் இருக்கும். ஓடை நீலமாக இருந்தால் தண்ணீர் ஓடுவது, கறுப்பாக இருந்தால் வறண்டது.

தூரத்தை எழுதும்போது நேர்க்கோட்டுத் தூரமா, பாதைத் தூரமா என்று சொல்லுங்கள். மலை ஊர்களில் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கொடைக்கானல் மலையில் உள்ள வெள்ளகவிக்கு நெடுங்காலமாக நடைபாதை மட்டும்தான். அங்கே கிலோமீட்டரைவிட எத்தனை மணி நேர நடை என்பதே சரியான அளவு.

ஊர் ஏன் இந்த இடத்தில் அமைந்தது என்று எழுத முடியுமா?

எழுத வேண்டியதே இதுதான். மக்கள்தொகையை விட இதில்தான் விஷயம் அதிகம்.

தமிழ்நாட்டின் சமவெளி பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய அளவு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டார்கள். வடக்கே ஏரி, தெற்கே கண்மாய், திருநெல்வேலிப் பக்கம் குளம். கரைக்கு மேற்கே நீர்ப்பிடிப்பு. கரைக்குக் கீழே மடை வழியாகப் பாயும் நஞ்சை. அது பாயாத இடமெல்லாம் புஞ்சை. வீடு கட்ட மிஞ்சுவது தண்ணீர் ஏறாத, நெல்லும் விளையாத மேட்டுத் துண்டு. அதுதான் நத்தம்.

உங்கள் ஊரில் கலிங்குக்குப் போய் நின்று பாருங்கள். சில ஊர்களில் அதை மறுகால் என்பார்கள். அங்கிருந்து வழியும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததற்குப் போகும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த நீர்நிலைகள் இங்கே முப்பத்தொன்பதாயிரம் வாக்கில் இருக்கின்றன. உங்கள் ஊர் அந்தச் சங்கிலியில் எத்தனையாவது கண்ணி, மேலே எந்த ஊர், கீழே எந்த ஊர் என்று எழுதினால் அது நல்ல புவியியல். ஊர்த் தகராறுகளின் பாதி வரலாறும் அதில் வந்துவிடும்.

மண்ணையும் ஊர்க்காரர் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள்: செம்மண், கரிசல், வண்டல், களர்.

நிலப்பரப்பு, சர்வே விவரம் எங்கே கிடைக்கும்?

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். அதில் வகைப்பாடு இருக்கும்: நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு. குறிப்புக் கலத்தில் 'கண்மாய்', 'வண்டிப்பாதை', 'களம்', 'மயானம்', 'மேய்க்கால்' என்று எழுதியிருப்பார்கள். இன்று வீடாகவும் கடையாகவும் இருக்கும் இடம் ஏட்டில் ஓடையாக இருப்பதைப் பார்த்து நீங்கள் திடுக்கிடவும் கூடும்.

பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் வரும். ஓர் ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஊரில் படிக்கப்போகிறவர்களுக்கு ஏக்கரிலும் சென்டிலும் மாற்றிக் கொடுங்கள்.

குக்கிராமத்துக்கென்று தனிப் பரப்பு கிடையாது. எல்லை இல்லாத இடத்துக்குப் பரப்பு எப்படி வரும்? நத்தம் சர்வே எண்களின் பரப்பைக் கூட்டிக் குடியிருப்புப் பகுதி இவ்வளவு என்று சொல்லலாம். மக்கள் அடர்த்தி வேண்டாம். வருவாய் கிராமத்தின் வயலையும் கண்மாயையும் சேர்த்து வகுத்து வரும் எண்ணுக்கும் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளுக்கும் தொடர்பே இல்லை.

ஒரே ஊர் ஏன் இரண்டு குடியிருப்புகளாகப் பட்டியலில் இருக்கிறது?

பல ஊர்களில் காரணம் சாதிதான். ஊர் ஒருபக்கம், தலித் மக்களின் குடியிருப்பு வயல்வெளிக்கு அப்பால் என்று பிரித்து வைக்கப்பட்டதை அரசுப் பட்டியலும் இரண்டு குடியிருப்புகளாக எடுத்துக்கொண்டது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பெயர் மாறினாலும் இடைவெளி வரைபடத்தில் தெரியும். ஊர்க் கட்டுரைகளில் இந்த இரண்டாவது குடியிருப்பு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. அங்கே எத்தனை குடும்பங்கள், தண்ணீர்த் தொட்டி எங்கே, மயானத்துக்குப் பாதை இருக்கிறதா என்பதையும் எழுதாத கட்டுரை பாதி ஊரைத்தான் எழுதியிருக்கிறது.

எழுத்தறிவு, தொழில் விவரங்களை எப்படிப் படிப்பது?

எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் தப்பாகக் குறையும். முதன்மைத் தொழிலாளர் என்றால் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர். அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் வசதிகள் பகுதியில் a, b, c என்ற மூன்று குறிகள் தென்பட்டால், அந்த வசதி ஊரில் இல்லை, 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10-க்கு மேல் என்ற தூரத்தில் உள்ளது என்று பொருள்.

ஆளே இல்லாத கிராமமும் பட்டியலில் இருக்குமா?

இருக்கும். 2011-ல் தமிழ்நாட்டின் 15,979 கிராமங்களில் 930 ஆளில்லாதவை. நிலம் இருக்கும்வரை வருவாய் கிராமம் சாகாது. தூத்துக்குடி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி, கடைசியில் ஒரே ஒரு முதியவர் இருந்தார். அவரும் 2024-ல் காலமானார்.

கேட்டும் யாரும் எண் தரவில்லை. என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். "எங்கள் ஊரைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் சுற்றி வளைத்து ஏதோ வரும். "இன்ன ஊராட்சியில் அடங்கும் குடியிருப்புகளின் பெயர், ஒவ்வொன்றிலும் உள்ள வீடுகள், மக்கள்தொகை, அது எந்த ஆண்டுக் கணக்கு" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பதிலில் உங்கள் குக்கிராமத்தின் பெயரே விடுபட்டிருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. தீர்மானமாக எழுதி வாங்கிவிடுங்கள்.